பெட்டிக்கு வெளியே நின்ற தாய்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பற்றி நம் ஊரில் யாரிடம் விசாரித்தாலும் முதலில் வரும் பதில், "பெட்டியில வச்சிருக்காங்க" என்பதுதான். எடை எவ்வளவு, மூச்சு எப்படி, பால் இறங்குகிறதா என்பதெல்லாம் அப்புறம். இன்குபேட்டர் என்ற சொல் தெரியாதவர்களுக்கும் பெட்டி தெரியும். தாய் பிரசவ வார்டில் ஒரு மாடியில் படுத்திருப்பார். குழந்தை வேறொரு மாடியில். தகப்பன் கதவோரம், பாட்டி வராந்தாவில் பாய் விரித்து. பீய்ச்சிய பால் சின்னக் கிண்ணத்தில் மூடியபடி உள்ளே போகும், காலிக் கிண்ணம் வெளியே வரும். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே அன்றைக்கு நடக்கும் போக்குவரத்து அவ்வளவுதான்.

இதை மருத்துவத்தின் இயல்பான முறை என்றே நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கும் பிறந்த ஊர் ஒன்று உண்டு, பிறந்த காலமும் உண்டு. அது எங்கிருந்து வந்தது, அதை இன்றைய மருத்துவமே ஏன் கலைக்கத் தொடங்கியிருக்கிறது என்று பார்த்தால், குழந்தை மருத்துவம் கடந்த 140 ஆண்டுகளில் எதைக் கற்றுக்கொண்டது என்பது ஓரளவு விளங்கும்.

1870களின் இறுதி. பாரிஸ் உயிரியல் பூங்காவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை ஸ்தெஃபான் தார்னியே என்ற மகப்பேறு மருத்துவர் பார்த்தார். அதைச் செய்தவரைக் கொண்டே குழந்தைகளுக்கும் ஒன்று செய்ய ஏற்பாடு செய்தார். வெந்நீரின் சூட்டில் கதகதப்பாக இருக்கும் பெட்டி. ஒன்றில் பல குழந்தைகளைக் கிடத்தலாம். 1880 வாக்கில் அது பாரிஸ் மகப்பேறு மருத்துவமனைக்கு வந்தது. இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 66 பேர் இறந்துகொண்டிருந்த அந்த இடத்தில், சில ஆண்டுகளில் அந்தக் கணக்கு 38 ஆகக் குறைந்தது. புதிய மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. சூடு ஒன்றே அத்தனை உயிர்களைப் பிடித்து நிறுத்தியது.

தார்னியேயின் மாணவர் பியேர் புதேன். பச்சிளங்குழந்தை மருத்துவத்துக்கு அடித்தளம் இட்டவர் என்று அவரைச் சொல்லலாம். 1900இல் வெளியான தம் நூலில் அவர் ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்தார். பிறந்ததும் பிரிக்கப்பட்டு, பால் கொடுக்கவும் வழியில்லாமல் போன தாய்மார்கள் நாளடைவில் அந்தக் குழந்தையின் மேல் நாட்டம் இழக்கிறார்கள் என்பது அவர் கண்டது. தாயின் பால் வற்றாமல் பார்த்துக்கொள்வதையும் சிகிச்சையின் பகுதியாகவே அவர் எண்ணினார். பெட்டி பிறந்த வீட்டிலேயே, பெட்டியின் குறை என்னவென்று தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் சொன்ன அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் உலகம் எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்ட விதமும் விசித்திரமானது. 1896இல் பெர்லின் பொருட்காட்சியில் இன்குபேட்டர்களில் உயிருள்ள குழந்தைகளை வைத்துக் காட்டினார்கள். அந்த வழியில் வந்த மார்ட்டின் கூனி 1903இலிருந்து 1943 வரை நியூயார்க்கின் கோனி தீவு கேளிக்கைப் பூங்காவில் ஆண்டுதோறும் கோடையில் இப்படியொரு காட்சி நடத்தினார். ராட்டினத்துக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவே, 25 சென்ட் கொடுத்து உள்ளே போனால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கிலோக் குழந்தைகள் வரிசையாகப் படுத்திருக்கும். கேட்கவே கூசுகிறது. ஆனால் அந்தக் கட்டணத்தில்தான் செவிலியர்களுக்கும் பாலூட்டும் தாய்களுக்கும் சம்பளம் போனது. பெற்றோரிடம் அவர் ஒரு காசு வாங்கவில்லை. அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் இந்தக் குழந்தைகளுக்கு இடமே இல்லாதிருந்த காலம் அது. கூனி முறையாக மருத்துவம் படித்தவர்தானா என்பதற்கே ஆதாரம் இல்லை என்று பின்னாளில் தேடியவர்கள் சொல்கிறார்கள். என்றாலும் படித்த மருத்துவர்கள் கைவிட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவருடைய கூடாரத்திலிருந்து உயிரோடு வீடு திரும்பினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் நன்றியும் ஒருசேர எழுகின்றன. குழந்தை பார்க்கப்பட வேண்டிய பொருளாகவும், தாய் பார்வையாளர்களில் ஒருத்தியாகவும் ஆன காலம் அது.

1922இல் சிகாகோவில் ஜூலியஸ் ஹெஸ், குறைமாதக் குழந்தைகளுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். அதை நடத்தியவர் எவலின் லண்டீன் என்ற தலைமைச் செவிலியர். கை கழுவுவதிலும் பாலூட்டுவதிலும் குழந்தையைத் தூக்குவதிலும் அவர் வைத்த கண்டிப்புக்கு மருத்துவர்களும் அடங்கித்தான் நடந்தார்கள். 1941இல் ஹெஸ்ஸும் லண்டீனும் சேர்ந்து எழுதிய பாடநூலின் அட்டையில் மருத்துவர் பெயருக்குப் பக்கத்தில் செவிலியர் பெயரும் இருந்தது. குழந்தை மருத்துவப் பயிற்சியின் வரலாற்றில் இதை ஒரு பெரிய நிகழ்ச்சியாகவே நான் கருதுகிறேன். ஒரு கிலோக் குழந்தையைப் பிழைக்க வைப்பது யாருடைய கை என்பதை அந்த அட்டை ஒளிக்காமல் சொன்னது.

அதே கண்டிப்பு இன்னொன்றும் செய்தது. ஆன்டிபயாட்டிக் இல்லாத நாள்களில் ஒரு வயிற்றுப்போக்கு வார்டு முழுவதையும் காலி செய்துவிடும். ஆகவே வெளியாள் யாரும் உள்ளே வரக்கூடாது. வெளியாள் பட்டியலில் தாயும் சேர்ந்தார். நோக்கம் நல்லது, காரணமும் உண்மையானது. ஆனால் காரணம் தளர்ந்த பிறகும் விதி தளரவில்லை. 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள், தாய்மார்களை உள்ளே விட்டுக் குழந்தையைத் தொட அனுமதித்துப் பார்த்தோம், தொற்று கூடவில்லை என்று எழுதினார்கள். பெரும்பாலான கதவுகள் அதற்குப் பிறகும் மூடியே இருந்தன.

இதற்கிடையில் பெட்டிக்குள்ளேயே ஒரு பெருந்துயரம் நடந்து முடிந்திருந்தது. 1942இல் பாஸ்டனில், குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகள் பார்வையிழப்பதைப் பற்றிய முதல் அறிக்கை வந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் உலகமெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் அப்படிப் பார்வை இழந்தார்கள் என்பது கணக்கு. அதுவும் வசதியான மருத்துவமனைகளில்தான் அதிகம். காரணம் ஆக்சிஜன். மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஆக்சிஜன் நல்லது, அப்படியானால் நிறைய ஆக்சிஜன் இன்னும் நல்லது என்று எல்லோரும் நம்பினார்கள். 1951இல் மெல்பர்னில் கேட் கேம்பல் என்ற மருத்துவர் ஐயத்தை எழுப்பினார். 1953-54இல் 18 அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய சோதனை அதை உறுதி செய்தது.

இந்த இடத்தில் நியூயார்க் மருத்துவர் வில்லியம் சில்வர்மனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன்தான் காரணம் என்று தெரிவதற்கு முன், ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைக் கொடுத்து இந்தப் பார்வையிழப்பைத் தடுக்க அவர் முயன்றார். முதலில் கொடுத்த குழந்தைக்குப் பார்வை தப்பியது. தொடர்ந்து கொடுத்த குழந்தைகளிலும் பெரும்பாலானவர்கள் நல்ல கண்களோடு வீட்டுக்குப் போனார்கள். மருந்து பலிக்கிறது என்று அவரும் கூட இருந்தவர்களும் நம்பினார்கள். இருந்தும் ஒரு சோதனை வைத்தார். வண்ணக் கோலிக்குண்டுகளை ஒரு பெட்டியில் போட்டு, கையில் வரும் நிறத்தை வைத்து யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று முடிவானது. மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் பார்வை இழந்தார்கள். பெறாதவர்களில் ஐந்தில் ஒருவர்தான். மருந்து பெற்றவர்களில் இறப்பும் கூடுதல். தாம் நல்லது என்று நம்பிக் கொடுத்தது கெடுதல் செய்திருக்கிறது என்பதைச் சில்வர்மன் மறைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அதையே பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கோலிக்குண்டுப் பெட்டி, தார்னியேயின் பெட்டிக்குச் சமமான கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக்சிஜன் கதை அத்தோடு முடியவில்லை. பயந்துபோன மருத்துவ உலகம் எல்லோருக்கும் ஆக்சிஜனை 40 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. பார்வையிழப்பு குறைந்தது, மூச்சுத் திணறி இறப்பவர்கள் கூடினார்கள். காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் ஏறக்குறைய 16 குழந்தைகள் உயிரிழந்திருக்கலாம் என்று 1973இல் இங்கிலாந்தில் ஒருவர் மதிப்பிட்டார். அதிகமும் தப்பு, குறைவும் தப்பு. எவ்வளவு என்பதை மணிக்கு மணி அளந்து கொடுக்க வேண்டும். அளக்கும் கருவிகள் வர இன்னும் காலம் பிடித்தது. பிறந்தவுடன் மூச்சுவிடாத குழந்தைக்கு நூறு விழுக்காடு ஆக்சிஜன்தான் கொடுக்க வேண்டும் என்ற பழக்கத்தைக் கேள்வி கேட்டவர்களில் டெல்லி மருத்துவர் சித்தார்த் ராம்ஜியும் ஒருவர். சாதாரண அறைக்காற்றே போதுமா என்று அவரும் நார்வேயின் ஓலா சாக்ஸ்டாடும் சோதித்த முடிவுகள் 1993இல் வெளிவந்தன. நிறைமாதக் குழந்தைக்கு அறைக்காற்றிலேயே தொடங்கலாம் என்று 2010இல் உலக வழிகாட்டுதல்கள் மாறின. சிலிண்டர் இல்லாத ஒரு துணைச் சுகாதார நிலையத்துச் செவிலியருக்கு இந்தச் செய்தி எவ்வளவு பெரிய தைரியம்!

நுரையீரல் பற்றிய அறிவு வளர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும், குறைமாதக் குழந்தையின் நுரையீரல் விரியாததற்குக் காரணம் அதன் காற்றறைகளைப் பூசியிருக்க வேண்டிய சர்பாக்டன்ட் என்ற பொருள் இல்லாமைதான் என்று காட்டினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஏறத்தாழ 39 மணி நேரம் வாழ்ந்து இறந்தான். நோய் என்னவென்று தெரிந்திருந்தது, கொடுக்க மருந்துதான் இல்லை. 1971இல் ஜார்ஜ் கிரிகரி, நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி மூடாமல் மெல்லிய காற்றழுத்தம் கொடுக்கும் சீபேப் முறையைக் கொண்டுவந்தார். 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா முதன்முதலாகப் பத்துக் குழந்தைகளுக்குச் சர்பாக்டன்ட்டையே மூச்சுக்குழாய் வழியாகக் கொடுத்துப் பலன் கண்டார். பேட்ரிக்கைப் போல முப்பத்து நான்கு வாரத்தில் பிறக்கும் குழந்தையை இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே காப்பாற்றிவிட முடியும்.

இவற்றுள் ஸ்டீராய்டு ஊசியின் கதைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹவியும், குறைப்பிரசவ வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது என்று 1972இல் எழுதினார்கள். விலை குறைந்த மருந்து. அது பரவலாக வழக்கத்துக்கு வர 1994 ஆயிற்று. அதற்கும் பிறகு, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஊர்ப்புறங்களிலும் இந்த ஊசியைப் பரப்பிப் பார்த்த சோதனையின் முடிவு 2015இல் வந்தபோது எல்லோரும் திகைத்தார்கள். சிறு குழந்தைகளின் இறப்பு குறையவில்லை, ஊர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கூடியிருந்தது. 2020இல் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா மருத்துவமனைகளில் நடந்த இன்னொரு சோதனையில் அதே மருந்து உயிர் காத்தது. இரண்டாவது சோதனையில் கர்ப்ப காலத்தைச் சரியாகக் கணித்தார்கள். பிறந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இடமும் இருந்தன. மருந்து தனியாக எதையும் செய்வதில்லை. அதைச் சுற்றி ஒரு வார்டு இருக்க வேண்டும்.

பெட்டியின் கதையைத் திருப்பிப் போட்டவை, எதுவும் போதாமல் கிடந்த இரண்டு ஊர்கள். 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில், ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைக்க வேண்டிய நிலை. தொற்று பரவியது, சிலர் குழந்தையை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோல் படும்படி நிமிர்த்திக் கட்டிவிடச் சொன்னார். மறு ஆண்டு எக்தோர் மார்த்தினெஸ் அவரோடு சேர்ந்தார். நம் மருத்துவமனைச் சுவர்களில் இன்று கங்காரு தாய் பராமரிப்பு என்று எழுதியிருப்பது அங்கிருந்து வந்ததுதான். அதே 1979இல் எஸ்டோனியாவின் தாலின் நகரில் அதிக் லெவின் என்ற மருத்துவருக்குச் செவிலியர்கள் போதவில்லை. தாய்மார்களை இரவும் பகலும் உள்ளேயே தங்க வைத்து, பாலூட்டுவது, துடைப்பது, வெப்பம் பார்ப்பது எல்லாவற்றையும் அவர்களுக்குக் கற்பித்து அவர்களிடமே விட்டார். செவிலியரின் வேலை கற்றுக்கொடுப்பதாக மாறியது. குழந்தைகள் நன்றாகத் தேறின.

ஒன்றையொன்று அறியாத இரண்டு மருத்துவமனைகள் ஒரே நேரத்தில் தாயிடம் போய் நின்றன. ஆனால் பல காலம் இதை 'ஏழைகளின் இன்குபேட்டர்' என்ற கணக்கிலேயே உலகம் வைத்திருந்தது. குழந்தை நிலைப்பட்ட பிறகு, மூன்று நாளோ ஏழு நாளோ கழித்துத் தாயிடம் கொடுக்கலாம் என்பதே விதி. இறக்கிற குழந்தைகளில் பெரும்பாலானவை அந்த நாள்களுக்குள்தான் இறக்கின்றன என்பதை யாரும் யோசிக்கவில்லை.

யோசித்த சோதனை 2021இல் முடிவைச் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாட்டு மருத்துவமனைகள் பங்கேற்றன. இந்தியாவில் டெல்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.799 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு பகுதியினரைப் பிறந்தவுடனே, நிலைப்படும்வரை காத்திருக்காமல், தாயின் மார்பில் வைத்தார்கள். நாளுக்குச் சராசரி 17 மணி நேரம். மற்றவர்களுக்கு வழக்கமான முறை. 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 12, இரண்டாவதில் 15.7. வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், தொடர்ந்து பிரித்து வைப்பது நியாயமில்லை என்று சோதனையையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. நான்கில் ஒரு பங்கு மரணத்தைத் தடுக்கும் புதிய மருந்து ஒன்று வந்திருந்தால் அதன் பெயர் எல்லா நாளிதழ்களின் முதல் பக்கத்திலும் வந்திருக்கும். இது தாயின் மார்பு என்பதால் உள்பக்கத்துச் செய்தியாகப் போயிற்று. எனக்கு அது பெருத்த வருத்தம்.

இனிப் பயிற்சி. யாருக்குக் கற்றுத்தருவது என்ற கேள்வி குழந்தை மருத்துவத்தில் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்திருக்கிறது. இறங்க இறங்க உயிர்கள் கூடுதலாகத் தப்பியிருக்கின்றன. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். தேர்வில் குழந்தை மருத்துவம் தனிப்பாடமாக ஆனதே 1997 விதிகளில்தான். அதுவரை அது பொது மருத்துவத்தின் ஒரு மூலை. 2019இல் வந்த புதிய பாடத்திட்டம், திறன் ஆய்வகத்தில் பொம்மையில் செய்து பழகிய பிறகே நோயாளியிடம் போக வேண்டும் என்றது. பிறந்த குழந்தை அழவில்லையென்றால் கையில் இருப்பது ஒரு நிமிடம். அதற்குள் துடைத்து, தூண்டி, பை-முகமூடியால் காற்றடிக்க வேண்டும். படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கை தானாகச் செய்வது வேறு. அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய புத்துயிர்ப்புப் பயிற்சியும், இந்தியா 2009இல் தொடங்கிய இரண்டு நாள் பயிற்சியும், 2010இல் தண்ணீர் நிரப்பிய எளிய பொம்மையோடு ஏழை நாடுகளுக்குப் போன பயிற்சியும் இதற்காகத்தான். தான்சானியாவில் அந்தப் பொம்மைப் பயிற்சிக்குப் பிறகு, பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இன்னும் கீழே இறங்கியவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் 39 ஊர்களில், ஊருக்கு ஒரு பெண்ணாகத் தேர்ந்தெடுத்து, எடை பார்க்க, வெப்பம் பார்க்க, மூச்சு எண்ண, தொற்றுக்கு ஜென்டாமைசின் ஊசி போடக்கூடக் கற்றுக்கொடுத்தார்கள். எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக மணற்கடிகாரமும் மணிகளும் சேர்ந்த ஒரு கருவியும் அவர்களிடம் உண்டு. பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். அந்த ஊர்களில் பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம் 62 விழுக்காடு குறைந்ததை 1999இல் வெளியிட்டார்கள். ஊசியை நம்பி ஒரு கிராமத்துப் பெண்ணிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டவர்கள் பலர். இன்று ஆஷா பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பச்சிளங்குழந்தையைப் பார்ப்பது அந்த அனுபவத்தின் மேல் கட்டிய திட்டம்தான்.

அதற்கும் கீழே ஒரு படி உண்டு. அங்கே தாய் நிற்கிறார். லெவினின் முறையைக் கனடாவினர் எடுத்துக்கொண்டு, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 26 பிரிவுகளில் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். பெற்றோர் பயிற்சி பெற்று நாளுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்ட இடங்களில் குழந்தையின் எடை நன்றாக ஏறியது, பெற்றோரின் மனச்சுமை குறைந்தது. டெல்லியின் ராம் மனோகர் லோஹியா மருத்துவமனையில் இதையே நம் சூழலில் செய்து பார்த்தார்கள். குடும்பத்தார் உள்ளே வந்ததால் தொற்று கூடவில்லை. லண்டீனின் காலத்து அச்சத்துக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது. 2017இல் அது தேசிய வழிகாட்டுதலாகவும் ஆயிற்று.

இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 20 பச்சிளங்குழந்தைகள் இறந்தன என்று 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு சொன்னது. தமிழ்நாட்டில் 9. இங்கே எட்டிய இடம் சாதாரணமானதல்ல. தொலைவிலுள்ள ஊர்களிலும் பிரசவம் மருத்துவமனைக்கு வந்ததும், மாவட்டந்தோறும் பச்சிளங்குழந்தைப் பிரிவு வந்ததும், இரவுப் பணியில் தூங்காத செவிலியர்களும் சேர்ந்து செய்தது அது. ஆனால் இந்த ஒன்பதை இன்னும் குறைக்க வேண்டுமானால், வாங்கவேண்டிய கருவிகளின் பட்டியலில் முதலில் ஒரு கட்டிலைச் சேர்க்க வேண்டும் என்பது என் துணிபு. குழந்தையின் பக்கத்தில் தாய்க்கு ஒரு கட்டில். சாய்ந்து உட்காரத் தோதான முதுகுப்பலகை, கழிப்பறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாற்றிப் பிடித்துக்கொள்ள ஒரு பாட்டியையோ தகப்பனையோ உள்ளே விடும் அனுமதி. பழகிய செவிலியரை ஆறு மாதத்தில் வேறு வார்டுக்கு மாற்றும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். சீபேப் குழாய் மூக்கிலிருந்து அரை விரற்கடை விலகியதைப் பார்த்ததும் கண்டுபிடிக்கும் கண், ஓராண்டு பயிற்சியில்கூட வருவது அரிது.

சஃப்தர்ஜங்கில் அந்த ஐந்து நாட்டுச் சோதனைக்காகச் செய்த மாற்றங்களில் ஒன்றைப் படித்தது முதல் என் நினைவில் நிற்கிறது. சிசேரியன் ஆன தாயைப் பிரசவ வார்டுக்குக் கொண்டுபோகாமல், தள்ளுகட்டிலோடு நேராகப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள் கொண்டுவந்துவிட வேண்டியிருந்தது. அதனால் தையல் பார்க்கவும் ரத்த அழுத்தம் பார்க்கவும் மகப்பேறு மருத்துவர்கள் மாடியேறி அங்கே வர வேண்டியதாயிற்று. குழந்தைகளைப் பார்த்தே பழகிய செவிலியர்கள் தாய்க்கு மருந்து கொடுக்கவும் கற்றுக்கொண்டார்கள். ஒரே அறையில் இரண்டு துறைகளின் காலை வலம். ஒரே கட்டிலில் இரண்டு நோயாளிகள், இரண்டு கேஸ் ஷீட்டுகள்.